கோடியில் தடுமாறும் பிள்ளையை நூற்றுக்குக் கூட்டி வாருங்கள்

ஆறாம் வகுப்பில் ஒரு நாள், கரும்பலகையில் எதுவும் எழுதாமல், ஒரு எண்ணை வாயால் மட்டும் சொன்னேன். 2011 கணக்கெடுப்பின்படி கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை அது: முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்து நாற்பத்தைந்து. எல்லாரையும் நோட்டில் எழுதச் சொன்னேன். 34,58,045 என்று எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். 34,58,45 என்று எழுதியவர்களே அதிகம். இரண்டு பேர் 34 எழுதி, லட்சத்துக்காக ஐந்து பூச்சியம் போட்டு, பக்கத்திலேயே 58 எழுதி, ஆயிரத்துக்காக மூன்று பூச்சியம் போட்டு, கடைசியில் 45 சேர்த்திருந்தார்கள். பதினான்கு இலக்கம்.

ஏன் அங்கே ஒரு பூச்சியம் வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தபோது ஒரு பையன் எழுந்து கேட்டான்: "நீங்க நடுவுல நூறே சொல்லலீங்களே டீச்சர், அப்புறம் எப்படிங்க அங்க பூச்சியம் வரும்?"

எனக்கு அவன் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. இடமதிப்புப் பாடத்தில் இருக்கும் முக்கியமான சிக்கலை ஒரே வரியில் கேட்டுவிட்டான். வாய் சொல்லாத ஒன்றைக் கை எழுத வேண்டியிருக்கிறது. பேச்சில் இல்லாத இடம் எழுத்தில் இருந்தாக வேண்டும். பெரிய எண்களில் பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, எண் பெரிதாக இருப்பதுதான் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில் அது காரணமே இல்லை. கோடியில் தப்பு செய்யும் பிள்ளை அதே தப்பை நூறிலும் செய்திருக்கும். நாம் அதைக் கவனிக்காமல் மேல் வகுப்புக்கு அனுப்பியிருப்போம்.

ஆறாம் வகுப்பு முதல் பருவக் கணக்குப் புத்தகம் எண்கள் பாடத்தோடுதான் தொடங்குகிறது. கோடிவரை படிக்க வேண்டும், எழுத வேண்டும், இந்திய முறையிலும் பன்னாட்டு முறையிலும் கமா போட வேண்டும். நாங்கள் வழக்கமாகச் செய்வது, கோடி, பத்து லட்சம், லட்சம், பத்தாயிரம் என்று தலைப்பிட்டுக் கட்டம் போட்டு, ஒவ்வொரு இலக்கத்தையும் அதற்குள் இறக்கச் சொல்வது. கட்டம் இருக்கும்வரை எல்லாருக்கும் சரியாக வரும். கட்டத்தை அழித்துவிட்டு எண்ணை வாயால் சொன்னால், பழைய தப்பே திரும்ப வரும். அதனால் நான் ஆறாம் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு இரண்டாம் வகுப்புக்குப் போய் "நூற்று மூன்று எழுதுங்க சாமி" என்று சொல்லிப் பார்த்தேன். பலகைக்குப் பலகை 1003.

இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. நூறு என்று காதில் விழுகிறது, 100 எழுதுகிறது. மூன்று என்று விழுகிறது, 3 எழுதுகிறது. கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதும் பிள்ளை அது. நம் முன்னோர்கள் எழுதியதும் அப்படித்தான். பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. நூற்று மூன்றை ௱௩ என்று எழுதினார்கள். ஐயாயிரத்து மூன்று ௫௲௩. கோயம்புத்தூர் எண்ணை அந்த முறையில் எழுதினால் ௩௰௪௱௲௫௰௮௲௪௰௫ என்று வரும். பூச்சியத்துக்கு அங்கே வேலையே இல்லை. பதினான்கு இலக்கம் எழுதிய அந்த இரண்டு பேரும் இதே முறையைத்தான் கையாண்டிருக்கிறார்கள். ௱௲ போடும் இடத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஐந்து பூச்சியத்தைப் போட்டார்கள், அவ்வளவுதான். இது தெரிந்த பிறகு அந்தப் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு வர வேண்டும். அதற்கு வழி காட்ட வேண்டியது நம் பொறுப்பு.

வழி நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. நூறு என்று சொன்னால் எண் முடிந்துவிட்டது. நூற்று என்று சொன்னால் இன்னும் ஏதோ வரப்போகிறது. இருபது முடிந்தது, இருபத்து முடியவில்லை. ஆயிரம், ஆயிரத்து. லட்சம், லட்சத்து. கோடி, கோடியே. பின்னால் இன்னொரு எண் வரப்போகிறது என்பதைச் சொல்லின் கடைசி ஓசையே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது. தவுசண்ட் என்பது முடிந்தாலும் தவுசண்ட், தொடர்ந்தாலும் தவுசண்ட். தினமும் இதைப் பேசிக்கொண்டே இருப்பதால் நமக்கு இது காதிலேயே ஏறுவதில்லை. பிள்ளைகளின் காதில் ஏற்றிவிட வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் இதை ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டேன். நான் நூறு என்றால் கையை மூட வேண்டும். நூற்று என்றால் கையை விரித்து நீட்ட வேண்டும், ஏனென்றால் அதில் இன்னும் ஏதோ விழப்போகிறது. ஆயிரம் என்றால் மூடல், ஆயிரத்து என்றால் விரிப்பு. நாலைந்து நாளில் கண்ணை மூடிக்கொண்டே சரியாகச் செய்தார்கள். அப்புறம்தான் எழுத்துக்கு வந்தோம். நூற்று என்று கேட்டால் 1 மட்டும் எழுது, அதன் பின்னால் இரண்டு இடத்தைக் காலியாக விட்டுவை. பூச்சியம் போட்டு அடைத்துவிடாதே. வருவது வரட்டும். மூன்று வந்தால் கடைசி இடத்தில் உட்காரும். நடுவில் யாரும் வராமல் காலியாகக் கிடக்கிற இடத்துக்கு மட்டும் பூச்சியம். 103.

இதே ஓசைக் குறிப்பு இன்னொன்றையும் காட்டித் தருகிறது. இருபதாயிரம், ஆயிரத்து இருபது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆயிரத்துக்கு முன்னால் நிற்பது அதைப் பெருக்குகிறது. ஆயிரத்துக்குப் பின்னால் வருவது அதோடு கூடுகிறது. "எத்தனை ஆயிரம்?" என்பது முதல் கேள்வி, "ஆயிரம் போக மீதி எவ்வளவு?" என்பது இரண்டாவது. ஐம்பத்தெட்டாயிரத்து நாற்பத்தைந்து என்பதைப் பிள்ளை இப்படி இரண்டு கேள்வியாகப் பிரித்துக்கொண்டால் போதும். எத்தனை ஆயிரம்? 58. மீதி? 45. ஆயிரத்துக்குக் கீழே மூன்று இடம் உண்டு, நாற்பத்தைந்துக்கு இரண்டு இடம்தான் தேவை, ஆக ஒன்று காலி. அந்தப் பையன் கேட்ட பூச்சியம் இங்கேதான் வருகிறது.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய எண்களை முதலில் தமிழில் சொல்லிவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குப் போங்கள் என்று சக ஆசிரியர்களிடம் நான் சொல்வதற்கு இதுதான் காரணம். தெர்ட்டீன் என்ற சொல்லில் மூன்று முன்னால் வந்து பத்து பின்னால் வருகிறது. தமிழில் பதின்மூன்று, எழுதும் வரிசையிலேயே வருகிறது. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருக்கிறார்கள். அவர்களுடைய இந்தியில் நூறுவரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணின் பெயரையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழ் எண்ணுப்பெயர்களின் ஒழுங்கைப் புரிந்துகொண்டதும் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வரும் தெளிவை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு எண்ணில் மட்டும் தமிழ் காலை வாரிவிடுகிறது. ஒன்பதுதான் அது. எழுபது, எண்பது என்று வந்து ஒன்பதாம் பத்தில் தொண்ணூறு ஆகிவிடுகிறது. அதற்குள் நூறு கேட்கிறது. எழுநூறு, எண்ணூறு என்று வந்து தொள்ளாயிரம் ஆகிறது. அதற்குள் ஆயிரம் கேட்கிறது. ஒன்பதாயிரத்தில்தான் திரும்பவும் ஒழுங்கு. இந்தப் புணர்ச்சியைத் தொல்காப்பியமே விதி சொல்லி விளக்கியிருக்கிறது, அவ்வளவு பழைய வழக்கு. பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? தொள்ளாயிரத்தை 9000 என்று எழுதும். இதற்குச் சுற்றி வளைத்து விளக்கம் தேவையில்லை. "ஒன்பதுக்கு மட்டும் மேல்வீட்டுப் பேர் கண்ணு" என்று சொல்லிவைத்தேன். தொண்ணூறு நூறின் பெயரை வாங்கிக்கொண்டது, தொள்ளாயிரம் ஆயிரத்தின் பெயரை வாங்கிக்கொண்டது, குடியிருப்பது என்னவோ கீழ்வீட்டில்தான். பிடித்துக்கொண்டார்கள்.

காதுக்கு இவ்வளவு போதும். கைக்கு வேறு வேலை வேண்டும்.

ஆனைமலைப் பக்கம் என் அப்புச்சியின் தோப்பில் தேங்காய் எண்ணுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெட்டிப் போட்ட காய் மலைபோல் கிடக்கும். எண்ணுகிறவர் இரண்டிரண்டாக எடுத்து அந்தப் பக்கம் போட்டுக்கொண்டே வருவார். நூறு ஆனதும் ஒரு காயை எடுத்துத் தனியாக வைப்பார். மறுபடி ஒன்றிலிருந்து. பேச்சுக் கொடுத்தால் கணக்கு விட்டுப்போகும் என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சாயங்காலம் அந்தத் தனிக்காய்களை எண்ணினால் போதும். தனிக்காய் பதினேழு, கடைசிச் சுற்றில் எண்ணியது எட்டு என்றால் ஆயிரத்து எழுநூற்று எட்டு. அங்கே கிடந்த காய்களில் ஒரு காய்க்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. குவியலில் கிடந்தால் அது ஒன்று. தனியாக எடுத்து வைத்த இடத்தில் இருந்தால் அதுவே நூறு. பொருள் ஒன்றுதான், இருக்கும் இடம்தான் மதிப்பைக் கொடுக்கிறது. இடமதிப்புக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

பள்ளியில் தேங்காய்க்கு எங்கே போவது? புளியங்கொட்டை போதும். பத்துக் கொட்டை சேர்ந்தால் கொடுத்துவிட்டு ஒரு ஈர்க்குச்சி வாங்கிக்கொள். பத்து ஈர்க்குச்சி சேர்ந்தால் ஒரு சோழி. இப்படி மாற்றிக்கொண்டே போகும் விளையாட்டை ஒரு வாரம் விளையாட விட்டு, அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கொட்டையைக் கொடுத்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, எந்தக் கோட்டுக்குள் இருக்கிறதோ அதற்கேற்ற மதிப்பு என்று மாற்றினேன். முதலில் பொருள் மாறியது, பிறகு இடம் மட்டும் மாறியது. இந்த வரிசை முக்கியம். நேராக இடத்துக்குப் போனால் பிள்ளைக்கு அது வெறும் விதியாகத்தான் இருக்கும்.

பத்துப் பத்தாகக் கட்டுவதும் முக்கியம்தான். நாமக்கல்லில் முட்டை அட்டைக்கு முப்பது, ஏழு அட்டை சேர்ந்தால் பெட்டிக்கு 210. கட்டித் தூக்குவதற்கு அது வசதி, ஆனால் எழுதும் எண்ணிலிருந்து எத்தனை பெட்டி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது, வகுத்துத்தான் ஆக வேண்டும். 4,370 புளியங்கொட்டையில் எத்தனை முழுப் பத்து இருக்கிறது என்று கேட்டால் கடைசி இலக்கத்தைக் கையால் மறைத்தால் போதும், 437. எத்தனை முழு நூறு? இரண்டு இலக்கத்தை மறை, 43. இந்த மறைத்துப் பார்க்கும் பழக்கம் வந்த பிள்ளைக்குப் பின்னால் லட்சமும் கோடியும் அச்சம் தராது. ஏழு இடமதிப்பையும் வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளையைவிட, 34,58,045 பேரில் எத்தனை ஆயிரம் பேர் என்று கேட்டால் 3,458 என்று சொல்லும் பிள்ளைதான் எண்ணைப் புரிந்துகொண்டது என்பேன்.

இடத்துக்கு இடம் பத்து மடங்கு. ஆரியபட்டர் 499ஆம் ஆண்டு எழுதிய நூலில் இதை இதே சுருக்கத்தில் சொல்லியிருக்கிறார். காலி இடத்தைக் காட்ட எழுதிய பூச்சியத்தைக் குவாலியர் கோயில் கல்வெட்டில் 876இல் பார்க்கிறோம், அங்கே 270 என்ற எண்ணில் அது நிற்கிறது. தோப்பில் தனிக்காய் வைக்கிற இடத்தில் காய் ஒன்றும் இல்லையென்றால் தரை வெறுமனே தெரியும், கண்ணுக்கே புரிந்துவிடும். தாளில் அப்படி இல்லை. காலி இடத்தை விட்டுவிட்டால் பக்கத்து இலக்கங்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். 1,708 எழுதப்போய் 178 ஆகிவிடும். ஒட்டவிடாமல் நடுவில் நிற்பதுதான் பூச்சியத்தின் வேலை.

ஆயிரம்வரை இப்படி வந்துவிட்டால், அதற்கு மேலே புதிதாகக் கற்க வேண்டியது பெயர் வைக்கும் முறை ஒன்றுதான். பத்து, நூறு, ஆயிரம் என்று முதலில் ஒவ்வொரு இடத்துக்கும் தனிப்பெயர் இருந்தது. ஆயிரத்துக்குப் பிறகு ஒவ்வொரு நூறு மடங்குக்குத்தான் நாம் புதுப்பெயர் வைக்கிறோம். நூறு ஆயிரம் ஒரு லட்சம், நூறு லட்சம் ஒரு கோடி. லட்சம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நூறாயிரம் என்ற நல்ல தமிழ்ச்சொல்லும் உண்டு. "பலகோடி நூறாயிரம்" என்று பெரியாழ்வார் பாடிய பல்லாண்டைக் கோயிலில் கேட்ட பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு வாரம் லட்சம் என்று சொல்லாமல் நூறாயிரம் என்றே சொல்ல வைத்தேன். கமா ஏன் முதலில் மூன்று தள்ளியும் பிறகு இரண்டிரண்டு தள்ளியும் வருகிறது என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. புதுப்பெயர் தொடங்குகிற இடத்தில் கமா, அவ்வளவுதான். ஆங்கிலேயர் வழியில் ஆயிரம் மடங்குக்கு ஒரு முறைதான் புதுப்பெயர்: தவுசண்ட், மில்லியன், பில்லியன். அதனால் அவர்களுக்கு மூன்று மூன்றாகக் கமா.

இரண்டு முறையையும் மாற்ற அட்டவணையை மனப்பாடம் செய்ய வைப்பது வீண் வேலை. பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன், லட்சம் கோடி ஒரு டிரில்லியன் என்று ஒப்பிக்கும் பிள்ளை மறுநாளே குழப்பிக்கொள்ளும். ஒரு நீளத் தாள் துண்டில் இலக்கங்களைக் கமாவே இல்லாமல் எழுதிக்கொடுத்து, வலது பக்கத்திலிருந்து பென்சிலால் ஒரு முறை நம் வழியிலும், அழித்துவிட்டு மறுமுறை அவர்கள் வழியிலும் பிரிக்கச் சொல்லுங்கள். 3458045. இலக்கம் ஒன்றும் மாறவில்லை, எந்த இலக்கமும் இடம் நகரவில்லை. 34,58,045 நம் வாசிப்பு, 3,458,045 அவர்கள் வாசிப்பு. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு மில்லியன் வேறு உலகத்து எண்ணாகத் தெரியாது.

கோடிக்கு மேலே நாம் இன்று புதுப்பெயர் வைப்பதில்லை. ஆம்பல், தாமரை, வெள்ளம் என்று பெரிய எண்களுக்குப் பழந்தமிழில் பெயர்கள் இருந்தன. இந்தியில் நூறு கோடியை அரப் என்கிறார்கள், திருப்பூர்ப் பிள்ளைகளில் சிலர் அதைச் சொல்லிக் காட்டினார்கள். நாம் கோடியை வைத்துக்கொண்டே திரும்பவும் ஆயிரம் கோடி, லட்சம் கோடி என்று ஏறுகிறோம். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது என்று செய்தி வருகிறது. முப்பதாயிரத்தை எழுதி, கோடிக்கு ஏழு பூச்சியம் பின்னால் சேர்த்தால் 3,00,00,00,00,000. மூன்றுக்குப் பின்னால் பதினொரு பூச்சியம்.

இதையெல்லாம் பிழையில்லாமல் எழுதிவிட்டாலும் ஒன்று குறையாகவே இருக்கும். எழுதத் தெரிந்த எண் எவ்வளவு பெரியது என்று பிள்ளைக்குத் தெரியாது. லட்சமும் கோடியும் அதன் மனதில் இரண்டு பெரிய சொற்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். பெரியவர்களுக்கும் அப்படித்தான், செய்தித்தாளில் நூறு கோடி ஊழல் என்றும் லட்சம் கோடி ஊழல் என்றும் படிக்கும்போது நமக்கும் ஒரே அளவு திகைப்புதானே வருகிறது?

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள். அவர் பிறந்தது நம் ஈரோட்டில் என்பதில் எங்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பெருமை. தேசியக் கணித நாளாகக் கொண்டாடும் அந்த நாளுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, இட்லி அரிசியை எண்ணுவது என்று முடிவு செய்தோம். பத்துப் பேர், ஆளுக்கு நூறு அரிசி. பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினார்கள். ஆயிரம் அரிசியை எலக்ட்ரானிக் தராசில் வைத்தபோது 16 கிராம் காட்டியது. ஒரு கை அரிசிகூட இல்லை. அதற்கு மேல் எண்ண வேண்டியதில்லை, எடையே எண்ணிக்கொடுக்கும். பத்தாயிரம் 160 கிராம், ஒரு டம்ளர். லட்சம் அரிசி 1,600 கிராம், ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று நாள் இட்லி மாவுக்கு ஊற வைக்கிற அளவு. பத்து லட்சம் 16 கிலோ. கோடி அரிசி 160 கிலோ, கடையில் அடுக்கியிருக்கும் 25 கிலோ சிப்பத்தில் ஆறு முழுசாக, ஏழாவதில் கொஞ்சம். நூறு கோடி 16 டன், ஒரு பெரிய லாரி லோடு. லட்சம் கோடி? அந்த லாரி ஆயிரம்.

ஆயிரம் லாரி என்று சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு பெண்பிள்ளை மட்டும் மெதுவாக, "அத்தனை லாரி நின்னா பவானி வரைக்கும் நிக்குமுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். ஒரு லாரிக்கு, இடைவெளியையும் சேர்த்து, பன்னிரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். பன்னிரண்டு கிலோமீட்டர். வகுப்பில் ஆரம்பித்த டம்ளரையும் இந்த வரிசையையும் சேர்த்து நினைக்கத் தெரிந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மில் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நூல் இன்னும் நெருக்கம். நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டம், அதாவது நூல் சுருள், எத்தனை இருக்கிறதோ அதுதான் அந்த நம்பர், நம்பர் கூடக்கூட நூல் மெலிசு. கணக்குப் போட்டால் அறுபதாம் நம்பர் நூல் ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லட்சம் மீட்டர் வருகிறது. அதாவது நூறு கிலோமீட்டர், கோவையில் ஒரு முனையைக் கட்டினால் ஈரோட்டுப் பக்கம் வந்துவிடும். நூறு கிலோ நூல் ஒரு கோடி மீட்டர். 1790களில் பிரான்சில் மீட்டர் என்ற அளவை வகுத்தபோது, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கையே மீட்டர் என்று வைத்தார்கள். ஆக, இரண்டு ஆள் தூக்கும் நூல் மூட்டையைப் பிரித்துக்கொண்டே போனால் துருவத்திலிருந்து நடுக்கோடு வரைக்கும் எட்டும். இதை நான் சொன்னபோது நானே ஒரு தடவை நின்று யோசித்தேன்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பத்து இலக்க மொபைல் எண்ணை ஏன் கோடிக் கணக்கில் படிப்பதில்லை என்று எல்லா வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, கேட்கட்டும். அது எதையும் எண்ணி வந்த எண் அல்ல, ஒரு பெயர். அதில் பெரிது சிறிது பார்க்க முடியாது, இடமதிப்பும் கிடையாது. ஆதார் எண்ணும் அப்படியே.

இந்தப் பாடத்தை நான் ஒவ்வொரு வருடமும் முடிப்பது தண்ணீரில். எங்கள் ஊரில் கீழ்பவானி வாய்க்கால் ஓடுகிறது. பவானிசாகரில் புறப்பட்டு ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்கள் வழியாக இருநூறு கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கருக்குப் பாயும் வாய்க்கால் இது. அணையில் எத்தனை டிஎம்சி, வாய்க்காலில் எத்தனை கன அடி என்பதுதான் டீக்கடைப் பேச்சு. பிள்ளைகளும் டிஎம்சி என்று சரளமாகச் சொல்வார்கள். அது எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. டி என்றால் ஆயிரம், எம் என்றால் மில்லியன், சி என்றால் கன அளவு. ஆயிரம் மில்லியன் கன அடி. மில்லியனுக்கு ஆறு பூச்சியம், ஆயிரத்துக்கு மூன்று, மொத்தம் ஒன்பது. நம் வழியில் கமா போட்டால் 1,00,00,00,000. நூறு கோடி கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் ஏறக்குறைய 28 லிட்டர், இரண்டு குடம். பவானிசாகர் நிறைந்தால் 32.8 டிஎம்சி.

வாய்க்காலில் வினாடிக்கு 2,300 கன அடி விடுகிறார்கள். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. பெருக்கினால் ஒரு நாள் தண்ணீர் 19,87,20,000 கன அடி. ஐந்து நாளைக்கு 99 கோடியே 36 லட்சம், அதாவது ஒரு டிஎம்சிக்குக் கொஞ்சம் கம்மி. ஐந்து நாளைக்கு ஒரு டிஎம்சி என்று பிள்ளைகள் மனதில் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் போய் அப்பாவிடம் சொல்லி, அவர் "அட, ஆமாங்கண்ணு" என்று வியந்ததை மறுநாள் வந்து சொன்னவர்கள் உண்டு.

நன்செய்ப் பாசனத்துக்கு ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறக்கும்போது வரும் அரசு அறிவிப்பில் 120 நாளைக்கு 23846.40 மில்லியன் கன அடிக்கு மிகாமல் என்று இருக்கும். தமிழ்ச் செய்திதான், ஆனால் மில்லியன், அதிலும் புள்ளி வைத்த மில்லியன். அந்தத் துண்டைக் கொண்டுவந்து கரும்பலகையில் எழுதிவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆனது. ஒரு நாள் தண்ணீரை 120ஆல் பெருக்கினார்கள். 23846400000 வந்தது. மில்லியனை எடுத்துவிட்டுப் புள்ளியை ஆறு இடம் தள்ளினால் அறிவிப்பில் இருப்பதும் அதேதான் என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பலகையை அழித்துவிட்டு, வாயால் மட்டும் சொன்னேன்: இரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு கோடியே அறுபத்து நான்கு லட்சம். கோயம்புத்தூர் எண்ணில் நூறு எங்கே என்று கேட்ட அந்தப் பையனை எழுதக் கூப்பிட்டேன். 2384 எழுதிவிட்டு, கோடியே என்பதால் ஏழு இடத்தை விரலால் அளந்து விட்டான். அதில் முதல் இரண்டு இடத்தில் 64 எழுதினான். சாக்பீஸைப் பலகையில் வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"லட்சம்னு சொன்னீங்களா டீச்சர், லட்சத்துன்னு சொன்னீங்களா?"

"லட்சம்."

ஐந்து பூச்சியத்தையும் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தான்.